ஏனையவை

மண்சரிவு நின்ற மூன்றாம் வாரம்
அப்புத்தளைக்குக் கீழே கல்கந்தைத் தோட்டத்துக்கு
மணிக்கோபுரத்தின் விரிசலை அளக்கப் போனேன்.
அளவுநாடாவின் மறுமுனை செலஸ்தீனாவிடம்.
காலையில் கொழுந்து, பின்னேரம் கோயில் சாவி.
அடியில் மூன்று மில்லிமீட்டர்.
மணிக்குக் கீழே என் சுண்டுவிரல் போகிறது.

இந்த மலைவரிசையில் கோயில்கள் எல்லாம் கருங்கல்,
தூறலையும் தங்கள் ஊரிலிருந்தே கொண்டுவந்தவைபோல.
இது ஒன்றுதான் செங்கல்.
கல் ஒன்று முன்தள்ள, கல் ஒன்று உள்வாங்க,
பன்பாய் முடைந்து நிமிர்த்தியதுபோல் ஒரு கோபுரம்.
சாய்சதுரங்களின் நடுவே பச்சை மினுங்குகிறது.
ஏறிப் பார்த்தால் சோடாப் போத்தல்களின் அடி.
பச்சை ஓடு கேட்டிருக்கிறார்கள்;
கிடைத்தது துரை பங்களாவின் குப்பை.
மூடுபனி விலகும் ஐந்து நிமிடம்
சுவர் முழுதும் பூனைக்கண்.

பேரேட்டில் எஸ்தேபன் சாமியாரின் கையெழுத்து.
ஸ்பெயினில் ஏதோ சிற்றூர்க்காரர்,
ஊரின் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது.
எங்கள் மணிக்கோபுரமும் இப்படித்தான், என்று எழுதுகிறார்,
உச்சியில் சிலுவை,
அதற்குக் கீழே முழுக்கத் தொழுகைக்காரர்களின் கை.
அதனால் கம்பளைக்கு ஆளனுப்பி
உதுமான்கண்டு மேஸ்திரியை வரவழைத்தாராம்.
உத்தரத்துக்கு ரன்பண்டா பாஸ்:
பலா மரத்தில் எட்டுமுனை நட்சத்திரம் கேட்டதற்கு
ஓரத்தில் தாமரை ஒன்றும் இலவசம்.
"நோன்பு மாதம். மேஸ்திரி பச்சைத்தண்ணீரும் தொடுவதில்லை.
சுண்ணாம்புதான் குடித்துக்கொண்டே இருக்கிறது."
அடுத்த வரி கூலிக்கணக்கு:
செங்கல் சுமந்தது முப்பத்திரண்டு பேர், பதினொரு அரைப்பேர்.

அரைப்பேரா?
என் யாழ்ப்பாணக் காது அங்கே தடுக்கி நின்றது.
நிறை குறைஞ்சா அரைநாள் கூலி, என்றாள் செலஸ்தீனா,
துண்டுல அரைப்பேருன்னு விழும்.
முழுப்பேர்க்காரர்களுக்கும்
பேரேட்டில் பெயர் இல்லை.

சாமியார் இந்தக் கட்டுக்கு ஒரு சொல் தருகிறார்: முதேஹர்.
அரபியிலிருந்து போன சொல்லாம்.
இராச்சியம் கைமாறிய பிறகும்
தங்க விடப்பட்டவர்கள்.
வாசித்துச் சொன்னேன்.
அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள்.
"எங்கப்பாவுக்குப் போகச்சொல்லித்தான் பாஸ்போட்டு வந்துச்சு.
சாமான் கட்டி ரெண்டு வருசம். கப்பல் நின்னுபோச்சு.
எங்கள யாரும் தங்க விடல மிஸ்,
போக வழியில்லாம தங்கினோம்.
அதுக்கு அரபியில சொல்லு இருக்கா?"

படிவத்தில் கேள்வி ஒன்பது: கட்டடப் பாணி.
போர்த்துக்கேயர். ஒல்லாந்தர். ஆங்கிலேயர். கண்டியர்.
ஏனையவை, குறிப்பிடுக.
குறிப்பிட இரண்டு அங்குலக் கோடு.
பேனாவை மூடினேன். மழை வருகிறது.

விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டவேண்டும்,
சுவர் அசைந்தால் முதலில் அது உடைந்து சொல்லும்.
கொண்டுவந்தது பெரகலை வளைவிலேயே நொறுங்கிவிட்டது.
செலஸ்தீனா சரிந்த மண்ணைக் காலால் கிளறினாள்,
ஒரு பச்சை வட்டத்தை எடுத்துச் சேலையில் துடைத்தாள்.
தடிப்பு அதிகம், திணைக்களம் ஒத்துக்கொள்ளாது.
ஒட்டினேன்.
விளிம்பில் சீமெந்து, கீழே பென்சிலில் திகதி.
"பேரும் போடுங்க மிஸ், எடுத்துக் குடுத்தது நான்தானே."
செல, என்று எழுதியபோது முனை ஒடிந்தது.
அவள் கொழுந்துப் பையிலிருந்து பிளேடை நீட்டினாள்.
"முழுப்பேரா."